கெல்டர்பிக்கு எழுந்து நின்றவன்

எழுபத்து நாலு வயதில் நேதன் கெல்டர்பிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. முழங்கால் வலி, கூரை ஒழுகல், ஆட்டுக்கம்பளிக்கு விலையில்லாமை எல்லாம் வட இங்கிலாந்தில் எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் உள்ளவை. அவற்றையெல்லாம் அவர் கவலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தான் போனால் தன்னோடு பெயரும் போய்விடும் என்பதுதான் அவரைத் தின்றது.

பண்ணையின் பெயர் கெல்டர்பி. குடும்பத்தின் பெயரும் அதுதான். மலையடிவாரத்தில் ஊற்றுக்குப் பக்கத்தில் முதலில் வீடு கட்டியவன் வடகடல் தாண்டி வந்தவன் என்றும், 'ஊற்றடி வீடு' என்று தன் மொழியில் அவன் வைத்த பெயர்தான் கெல்டர்பி ஆயிற்று என்றும் நேதன் கெண்டல் நகர நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பீர் குடிக்க முடியாமல் போயிற்று. மடத்துத் துறவிகளுக்குக் கம்பளி கொடுத்த கெல்டர்பி, ஸ்காட்லாந்துக்காரர்களை வில்லெடுத்து விரட்டிய கெல்டர்பி என்று ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே போவார்.

"கல்லறைத் தோட்டத்துல பன்னிய மேயவிட்டு அபராதம் கட்டுனானே, அந்தக் கெல்டர்பிய மட்டும் விட்டுட்டியே நேதன்" என்பார் ஜாப் டாக்ரே. பக்கத்துப் பண்ணைக்காரர்; மேய்ப்பர் சங்கத் தலைவரும் அவர்தான்.

"அவன் வேற கிளை" என்பார் நேதன், சிரிக்காமல்.

பிள்ளை இல்லை. மனைவி ஹில்டா இருந்தவரை அந்த இல்லாமை வீட்டுக்குள் ஒரு மூலையில் சத்தமில்லாமல் கிடந்தது. அவள் போனபின் எழுந்து நடமாட ஆரம்பித்தது. நேதன் இங்கிலாந்து முழுவதுக்குமான தொலைபேசிப் புத்தகங்களை வரவழைத்துத் தேடினார். அகப்பட்டது ஒரே ஒரு கெல்டர்பி. லெஸ்டர் நகரத்தில், கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பியானோ டீச்சர். போனில் இரண்டு முறை பேசினார்கள். மூன்றாம் முறை எடுத்தது வேறு யாரோ. அந்த அம்மாள் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முகம்கூடப் பார்த்திராத அவளுக்கு நேதன் மலர்வளையம் அனுப்பினார். அனுப்பிவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதார். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்தில் தன் பெயர் கொண்ட ஆள் இனி யாருமில்லை என்று தெரிந்துகொள்வது சிரிப்பான காரியமில்லை.

இத்தனைக்கும் அவர் அந்த வீட்டில் தனியாக இல்லை. லென் இருந்தான்.

லென்னின் முழுப்பெயர் லென் பாஸ்க்; வொர்க்கிங்டன் என்ற கடலோர ஊர்க்காரன். இரும்பு ஆலையை மூடியதும் வேலை தேடி வந்தவன். ஆடு குட்டி போடும் பருவம் முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லி நுழைந்தவன், இருபத்தாறு பருவம் அங்கேயே இருந்துவிட்டான். இப்போது ஐம்பதை நெருங்கினாலும் நேதனுக்கு அவன் 'பையன்'தான். ஆட்டின் எந்தப் பக்கம் புல் தின்னும் என்றுகூடத் தெரியாமல் வந்தவன் என்று ஹில்டா கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே அவனுக்குக் காலுறை பின்னுவாள். பெரும்பனி பெய்த வருஷம் கல்வேலியோரம் புதைந்துபோன ஆடுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தவன் லென். ஹில்டாவைக் கடைசி மாதங்களில் மாடியிலிருந்து தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றியவனும் அவனே.

"பண்ணைய லென்னுக்கு எழுதி வெச்சிடுங்க" என்று ஹில்டா சாவதற்கு முன் சொன்னாள்.

நேதன் காது கேட்காதவர்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய காது நன்றாகத்தான் கேட்கும்.

அவருடைய எண்ணமெல்லாம் வேறு. கெல்டர்பியில் கெல்டர்பிதான் இருக்க வேண்டும். அந்தப் பெயருள்ள ஒருவன் எங்கிருந்தாவது வந்து அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தால், பண்ணையை அவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம். கடைசியில் நூலகத்துப் பெண் ஒருத்தி கணினியில் துழாவி அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தே விட்டாள். கனடாவில் பல் மருத்துவர், பெயர் கிரெய்க் கெல்டர்பி. அவருடைய கொள்ளுத்தாத்தா இளவயதில் இதே பண்ணையிலிருந்து கப்பலேறிப் போனவர். நவம்பரில் மேய்ப்பர் கூட்டத்துக்கு வருவதாகக் கிரெய்க் சொன்னார். நேதனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். லென் அடித்தான். விருந்தாளிகளுக்கு நல்ல அறை வேண்டும் என்றார். சமையலறைக்கு மேலே இருந்த சூடான அறை லென்னுடையது; தன் மெத்தையைச் சுருட்டித் தீவன அறைக்குக் கொண்டுபோனான். பென்ரித் ரயில் நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்து வந்தவனும் அவன்தான்.

கிரெய்க் நல்ல மனிதர். எதையும் பாராட்டுவார். மழையைக்கூடப் பாராட்டினார். அவர் மனைவி டெனிஸ் ஆடுகளுக்கெல்லாம் கையசைத்தாள். நேதன் அவரை அழைத்துப்போய் ஊற்றைக் காட்டினார், வாசல்கல்லைக் காட்டினார், ஸ்காட்லாந்துக்காரர்கள் ஓடிய திசையைக் காட்டினார். இருட்டும்வரை வாய் மூடவில்லை. ஹில்டா போனதற்குப் பிறகு அவர் அவ்வளவு பேசியதே இல்லை. அந்த ஒரு பகல் அவர் சந்தோஷமாக இருந்தார், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

மறுநாள் மேய்ப்பர் கூட்டம். மலையில் கலந்துபோன ஆடுகளைக் காதில் போட்ட வெட்டையும் முதுகில் பூசிய சாயக்குறியையும் பார்த்து அவரவர் பண்ணைக்குத் திருப்பிக் கொடுப்பது பகல் வேலை. சாயங்காலம் சாராயக்கடையின் பெரிய அறையில் சாப்பாடு: ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ரத்தப் புட்டும் சேர்த்து அடுப்பில் வைத்த சட்டி, தொட்டுக்கொள்ளப் புளிக்காடியில் ஊறிய சிவப்புக் கோஸ். தட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. தலைவர் எழுந்து பள்ளத்தாக்கின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் பண்ணைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தப் பண்ணையிலிருந்து ஒருவர் எழுந்து "இருக்கோம்" என்பார். அவ்வளவுதான். மனிதர் பெயரை யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் பண்ணைப் பெயரைச் சொன்னாலே ஆளைச் சொன்னதுபோலத்தான்.

நேதனின் முழங்கால் கெட்டுப்போனதிலிருந்து கெல்டர்பிக்கு எழுந்து நிற்பது லென். யாரும் நியமிக்கவில்லை. ஒரு வருஷம் நேதன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்று முடியாமல் திணறியபோது, பக்கத்திலிருந்த லென் பட்டென்று எழுந்து சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"ஸ்வின்ஹவ்!" என்று கூப்பிட்டார் ஜாப் டாக்ரே.

"இருக்கோம்!"

"தார்ன்ஹெட்!"

"இருக்கோம், பசியோட இருக்கோம்!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"கெல்டர்பி!"

லென் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிப் பாதி எழுந்துவிட்டான்.

"நீ உக்காருடா" என்றார் நேதன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மனசு நிறைந்திருந்ததாலோ என்னவோ குரல் ஓங்கிவிட்டது. "உன் பேரு பாஸ்க். இன்னைக்கு நெஜக் கெல்டர்பி வந்திருக்காரு. கிரெய்க், எழுந்திருங்க!"

கிரெய்க் எழுந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. "எல்லாருக்கும் வணக்கம், இங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்" என்றார்.

கை தட்டியது டெனிஸ் மட்டும். யாரோ இருமினார்கள். பாதி எழுந்து நின்ற லென் அப்படியே மெதுவாக உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிரே இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஜாப் டாக்ரே அடுத்த பண்ணையின் பெயரைக் கூப்பிட வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நேதன் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. கிரெய்க்கின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். லென் சாப்பிட்டு முடித்தான், பாட்டுக்குத் தாளம் தட்டினான், குடிக்காமல் இருந்து எல்லோரையும் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

காலையில் நேதன் இறங்கி வந்தபோது சமையலறை வாசலில் ஒரு பை இருந்தது.

"ஆட்டுக்கு வெச்சாச்சு. நாய்க்கும் வெச்சாச்சு" என்றான் லென். "மேல்வேலியில ஒரு இடம் சரிஞ்சிருக்கு. காத்து அடிக்கிறதுக்குள்ள யாரையாவது வெச்சுக் கட்டிடுங்க."

"நீ எங்க கெளம்பிட்ட?"

"மலைக்கு அந்தப் பக்கம், மோஸ்கார்த் பண்ணைக்கு. ரூத் அம்மா ரொம்ப நாளாவே ஆள் கேட்டுட்டிருக்காங்க. புருசன் போனதுலேர்ந்து ஒண்டியா கெடந்து அல்லாடுறாங்க."

"ராத்திரி சொன்னதுக்குக் கோச்சுக்கிட்டியா? இதெல்லாம் ஒரு விஷயமாடா?"

"கோவமில்ல பெரியவரே. நீங்க சொன்னது சரிதானே. என் பேரு பாஸ்க்தான்." அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "சொந்தக்காரர் வந்துட்டாரு. ரெண்டு பேருக்கு இங்க வேலையும் இல்ல, ரூமும் இல்ல."

ஒரு வாரத்தில் திரும்பி வருவான் என்று நேதன் நினைத்தார். வேறெப்படி நினைப்பார்? இருபத்தாறு வருஷமாக எங்கே போனாலும் திரும்பி வந்தவன்தானே.

அன்று பகல் சாப்பாட்டில் அவர் கிரெய்க்கிடம் விஷயத்தைச் சொன்னார். பண்ணை, மலையில் மேயும் மந்தை, வீடு எல்லாம் உங்களுக்குத்தான், வந்து இருங்கள். கிரெய்க் முதலில் தமாஷ் என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்றார். எங்கள் ஊரிலும் பனிதான், சேறு மட்டும்தான் இல்லை என்றார். பல் மருத்துவமனையை யார் பார்ப்பது என்றார்.

"அப்ப பேரு?" என்று கேட்டார் நேதன்.

"பேர நான் வெச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் கிரெய்க், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. "வாசல்ல பித்தளைப் பலகையில போட்டிருக்கேன். எனக்கு ரெண்டும் பொண்ணு. அதுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டுப் பேர மாத்திக்கிட்டா என்ன போச்சு?"

புறப்படும்போது கல்வேலியிலிருந்து ஒரு சின்னக் கல்லை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அதோடு சரி.

டிசம்பரில் நேதன் தனியாகத் தீவனம் சுமந்தார். மேல்வேலி இன்னும் சரிந்தது. சமையலறையில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பார். பகல் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்தது நாய்க்கான சொற்கள்தான். நாய் கெட்டிக்காரி, ஆனால் பதில் சொல்லாது. லென்மேல் கோபமாக வந்தது. சோறு போட்டு, தொழில் சொல்லிக்கொடுத்து ஆளாக்கினால் இதுதான் மிச்சம் என்று யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. ஜாப் டாக்ரேயின் அத்தை மேபலிடம் போனார். தொண்ணூறு வயதாகியும் வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்ட அம்மாள் அவள். இஞ்சிக் கேக்கும் டீயும் வைத்துவிட்டு அவர் கொட்டியதையெல்லாம் கேட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். "இப்ப நான் கேக்கறேன். உன் தாத்தா பேரு என்ன?"

"இதென்ன கேள்வி? ஐசக் கெல்டர்பி."

"ஐசக்கு சரி. கெல்டர்பி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அவங்க அப்பாகிட்டேர்ந்து வந்துச்சு."

"அவங்க அப்பன் யாருன்னு கண்டது யாரு!" மேபல் சிரித்தாள். "டேய் நேதன், உன் தாத்தா அல்வர்ஸ்டன் கூலிச்சந்தையில வாயில வைக்கோலக் கடிச்சிக்கிட்டு நின்ன ஆளுடா. வேலைக்கு ரெடின்னு அடையாளத்துக்கு அப்படித்தான நிப்பாங்க. கெல்டர்பிக்காரர் ஆறு மாசக் கூலிக்குக் கூட்டிட்டு வந்தாரு. அந்தக் குளிர்காலத்துலயே அவரு பனியில மாட்டிச் செத்துப்போனாரு. மகன்காரன் ஆடும் வேணாம் மலையும் வேணாம்னு கனடாவுக்குக் கப்பலேறிட்டான். புருசன் போய் ஒண்டியா நின்ன அந்த அம்மா என்ன பண்ணும்? கூலிக்கு வந்தவரையே கட்டிக்கிச்சு. உங்கப்பன் பொறந்தான்."

"அப்ப தாத்தாவோட சொந்தப் பேரு?"

"எங்கம்மாவுக்கே ஞாபகமில்லேன்னு சொன்னாங்க. யாரு கேட்டா? அந்த வீட்டு அடுப்ப மூட்டுறவன் கெல்டர்பி. அதுக்கு முந்தியும் அப்படித்தான், மருமகனா வந்தவன், குத்தகைக்கு வந்தவன் எல்லாரும் கெல்டர்பிதான். ஆயிரம் வருசம் ஒரே ரத்தமா ஓடுச்சுன்னு நீ கடையில உக்காந்து சொல்லுவ பாரு, எங்களுக்குச் சிரிப்ப அடக்க முடியாது."

"ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு யாருக்குடா தெரியும்? உன் தாத்தா, உன் வீடு." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "லென்ன நாங்க என்னிக்காவது பாஸ்க்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கியா? லென் கெல்டர்பின்னுதான் சொல்லுவோம். அன்னிக்கு நீ அவன உக்காரச் சொன்னப்பதான், அவனுக்கு வேற பேரு ஒண்ணு இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரிஞ்சிச்சு."

கெண்டலில், கார்லைலில், பழைய ஏடுகளைத் தூசி தட்டித் தட்டி எத்தனையோ கெல்டர்பிகளைத் தேடியவர் நேதன். தன் தாத்தாவைத் தேடவில்லை. மடியில் உட்கார்ந்து விளையாடிய ஆளை யார் போய்த் தேடுவார்கள்? தடித்த விரல்களும் மிகக் குறைந்த பேச்சும்தான் தாத்தாவைப் பற்றி அவருக்கு ஞாபகம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகே அவர் உட்காருவார். ஏன் அப்படி என்று அப்போது தோன்றியதில்லை. இப்போது தெரிந்தது. யாராவது எழுந்திரு என்று சொல்லிவிடுவார்களோ என்று அந்த மனிதர் கடைசிவரை பயந்திருக்கிறார். நேதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெயரின் அசல் ரத்தம் வேலியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிப் போய்விட்டது. தானோ வைக்கோல் கடித்து நின்றவரின் பேரன். தாத்தாவைப்போலவே வந்த ஒருவனை ஊர் நடுவில் உட்கார் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. பனி என்றார், கால் வலி என்றார், அவனே வரட்டுமே என்றும் ஓர் எண்ணம். மனிதர்கள் இப்படித்தான் நல்ல நாட்களைக் கைநழுவ விடுகிறார்கள். பனி உருகி, குட்டி போடும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு மலை சுற்றி மோஸ்கார்த்துக்கு வண்டி ஓட்டினார்.

லென் வேலிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருக்கவில்லை. அதுவே நேதனுக்கு முதல் அடியாக இருந்தது.

"கால் எப்படி இருக்கு?" என்றான் லென்.

"இருக்கு." நேதன் வேலியைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு மறந்துபோயிற்று. "நான் தப்புப் பண்ணிட்டேன்டா. பண்ணைய உன் பேருக்கு எழுதிடறேன். இப்பவே எழுதிடறேன், நான் செத்தப்புறம் இல்ல. பேரும் உன்னோடதுதான். என் தாத்தாவும் உன்ன மாதிரி வந்தவருதான்னு மேபல் சொன்னா."

"தெரியுமே. ஹில்டா அம்மா சொல்லியிருக்காங்க."

நேதன் ஓர் அடி கிட்டே வந்தார். "அவளுக்கும் தெரியுமா? தெரிஞ்சுமாடா நீ ஒரு வார்த்த சொல்லல?"

"உங்களுக்கு அந்தப் பெருமை புடிச்சிருந்துச்சு. அத ஏன் கெடுக்கணும்?" லென் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் பேருக்காக எழுந்து நிக்கல பெரியவரே. உங்களால எழ முடியல, அதான் நின்னேன். அன்னிக்கு நீங்க என் தோளப் புடிச்சிக்கிட்டு நீங்களே எழுந்திருந்தாகூட எனக்கு சந்தோஷம்தான்."

"சரிடா. அப்ப வா, போலாம்."

"இங்க ஆடெல்லாம் குட்டி போடப்போகுது. அந்த அம்மாவுக்கு வேற ஆளில்ல."

"எனக்கு யாருடா இருக்கா?"

லென் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை நேதன் பார்த்தார். அந்த நிமிஷம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே சாலையில் தபால் வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் கண்ணாடியை இறக்கி, "மோஸ்கார்த்! வீட்டுல ஆளக் காணோம், இந்தப் பொட்டலத்த நீங்களே வாங்கிக்கிறீங்களா?" என்று கத்தினாள்.

"தோ வர்றேன்!" என்றான் லென்.

யோசிக்காமல், தன் சொந்தப் பெயரைக் கேட்டவன்போல் அவன் திரும்பிப் பதில் சொன்னதை நேதன் கேட்டார். கல்லை வேலியில் வைத்துவிட்டு லென் சரிவில் இறங்கிப் போனான். இனி கூப்பிட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓர் ஆள் கெல்டர்பி ஆவது எப்படி என்று மூன்று மாதத்துக்கு முன்புதான் கேட்டு அறிந்திருந்தார். மோஸ்கார்த் ஆவதற்கும் வழி அதுதான்.

லென் திரும்பி வருவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கெல்டர்பியில் அடுப்பு அணைந்திருந்தது. சுள்ளி வைத்து மூட்டினார். மூட்டியவரை நேதன் என்றோ, கெல்டர்பி என்றோ, பெரியவரே என்றோ கூப்பிட அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.